கெலெமென் தொட்ட பிஷப்

முதலில் ஓய்வு பெற்றது என் இடது காது. மீதி நானும் அதன் பின்னால் போக வேண்டியதாயிற்று.

செஸ் போட்டி நடுவர் கேட்க வேண்டிய சத்தங்கள் எல்லாமே சின்னச் சத்தங்கள். சட்டைப்பைக்குள் அதிரும் கைப்பேசி, "டிரா?" என்ற முணுமுணுப்பு, தோற்கப் போகிறவரின் பெருமூச்சு. இவற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்றதும் காது சோதிக்கும் ஒரு பெண்ணிடம் போய்க் காட்டினேன். அவள் பயறு அளவில் ஒரு செவிக்கருவியைக் கொடுத்து, அது கைப்பேசியோடு தானாகவே இணைந்துகொள்ளும், பாட்டுக்கூடக் கேட்கலாம் என்று மகிழ்ச்சியாகச் சொன்னாள். மண்டப வாசலில் நின்று அடுத்தவர்களின் கைப்பேசி, கைக்கடிகாரம், ஒரு முறை ஒரு கிழவரின் கார்ச் சாவியைக்கூடப் பறித்துப் பைக்குள் போட்டவன் நான். இனி காதுக்குள் கருவியோடு அதே வாசலில் நின்றால் என்னைச் சோதிப்பது யார்? நான் நடுவராக இருக்கும் மண்டபத்துக்குள் நானே என்னை விடமாட்டேன். ஆகவே விலகினேன்.

என் மனைவி றெஜினாவுக்குத்தான் இதில் பரம திருப்தி. "நான் கூப்பிட்டாக் கேக்கேல்லை எண்டு இவ்வளவு காலமும் நடிச்சியள். இப்ப கடவுள் அதை உண்மையாக்கிப்போட்டார்" என்றாள்.

பிரியாவிடைக்குத் தேநீரும் சொசேஜ் ரோலும், யாரோ புண்ணியவதி கொண்டுவந்த ஒரு தட்டு மீன் கட்லட்டும் வைத்தார்கள். புதிதாக வந்த இளம் நடுவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். அவர்களுடைய காலத்தில் பலகைகளுக்கு மேலே கமெரா தொங்குகிறது. யார் எதைத் தொட்டார், எப்போது விட்டார் என்பதில் தகராறு வந்தால் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். "கமெரா இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? உங்களுடைய மிகக் கடினமான தீர்ப்பு எது?" என்று கேட்டார்கள். கழிப்பறைக்குள் கைப்பேசியோடு பிடிபட்ட யாரையாவது எதிர்பார்த்தார்கள் போல. நான் கெலெமெனின் பெயரைச் சொன்னதும் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. அவர் யாரையும் ஏமாற்றியவர் இல்லையே என்றார்கள். ஓம், அதுதான் பிரச்சினை என்றேன். அதற்குள் தேநீர் ஆறிவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் நடுவரான கதையை நீட்ட ஒன்றுமில்லை. மன்னாரிலிருந்து நியூசிலாந்துக்கு வந்தபின், ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸில் ஒரு வன்பொருள் கடையில் ஆணியும் பெயின்டும் விற்கும் வேலை கிடைத்தது. சனி ஞாயிறுகளில் செஸ் ஆடப் போனேன். எல்லாரிடமும் தோற்றேன். ஒரு நாள் மேரியன் என்ற தலைமை நடுவர் என் தோளருகே வந்து நின்று, "நீ மிகவும் அமைதியாகத் தோற்கிறாய். நடுவராகலாம் என்று யோசித்திருக்கிறாயா?" என்றார். என் ஆட்டத்தைப் பற்றி ஒருவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. படித்தேன், பரீட்சை எழுதினேன், சட்டையில் குத்த 'நடுவர்' என்று எழுதிய ஒரு பட்டி கிடைத்தது. ஆணி விற்றது பிழைப்பு. ஆனால் என் உத்தியோகம் என்ன என்று யாராவது கேட்டால் நான் கடையைச் சொல்வதில்லை.

மேரியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரி. வற்றல் உடம்பு. மண்டபத்தில் சத்தம் போடாத ரப்பர் அடிச் சப்பாத்து. கைகளை எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பார். பலகைக்கு மேலே நடுவரின் விரல் நீண்டால் அது ஒரு காயைச் சுட்டிக்காட்டியதாக ஆகிவிடும், நீ அறியாமலே செய்த உதவி அது என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அடுப்படியில் கறிச்சட்டிகளுக்கு முன்னால் அப்படி நின்றால் றெஜினா, "என்னப்பா, கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிக்கிறியள்? இது என்ன மியூசியமோ? சாப்பாட்டுக் கோப்பையை எடுங்கோ" என்பாள்.

தகராறு வந்தால் மேரியன் செய்வது எப்போதும் ஒரே ஒழுங்கில் இருக்கும். முதலில் கடிகாரம் நிற்க வேண்டும். இரண்டு பேரின் கைகளும் மேசையை விட்டு இறங்க வேண்டும். யார் குறை சொல்கிறாரோ அவருக்கு எதிரே இருப்பவரிடம்தான் முதல் கேள்வி. "என்ன நடந்தது?" என்று கேட்கவே மாட்டார். அப்படிக் கேட்டால் கதை வரும் என்பார். "காட்டுங்கள்" என்பார். தொட்ட கையால், தொட்டது போலவே தொட்டுக் காட்ட வேண்டும். வாய் பொய் சொல்லும், கை அவ்வளவு கெட்டித்தனமாகப் பொய் சொல்லாது என்பது அவருடைய நம்பிக்கை. "தற்செயலாகவா?" என்பது போன்ற சொற்களை நாங்கள் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. கதவைத் திறந்துவிட்டால் யாரும் நுழைவார்கள், நீ கதவு திறக்கிறவன் இல்லை என்பார்.

இன்னொரு விதி அவர் எனக்காகவே உண்டாக்கியதோ என்னவோ. மண்டபத்தில் எனக்கும் ஓர் ஆட்டக்காரருக்கும் மட்டும் தெரிந்த மொழியில் ஒரு வார்த்தை பேசப்பட்டாலும், அதை உடனே ஆங்கிலத்தில், எதிராளியின் முன்னால், உரத்துச் சொல்ல வேண்டும். முழுதாக, அழகுபடுத்தாமல். ஆக்லாந்தில் செஸ் ஆடுகிறவர்களில் நம் ஆட்கள் பெருகியதால் நான் இப்படி மொழிபெயர்த்த மகா வாக்கியங்கள் பல: "அண்ணா, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்." "இந்த ஹீற்றரைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்கிறார்." ஒரு முறை, "எதிரே இருப்பவர் பூண்டு சாப்பிட்டிருக்கிறார் என்கிறார்." அந்த ஆட்டம் அன்பாக முடியவில்லை.

இனிக் கெலெமென்.

கெலெமென் அம்புரூஷ் ஹங்கேரிக்காரர். கிராண்ட்மாஸ்டர். அவர்கள் நாட்டில் குடும்பப் பெயர்தான் முன்னால் வருமாம். எங்கள் தகப்பன் பெயர் முன்னால் வருவது போல என்று நான் சொன்னபோது, இந்த நாட்டு விண்ணப்பப் படிவங்கள் எங்கள் இரண்டு இனத்தையும் தலைகீழாக நிறுத்துகின்றன என்றார். கிளென்ஃபீல்டில் இருந்த மகளோடு வாழ வந்தவர். அறுபது தாண்டியவர். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, ஒரே பழுப்புக் கோட். ஆங்கிலத்தை அவர் பேசினால் அதுவும் கோட் போட்டிருப்பது போல இருக்கும். அவரோடு கதைக்கும்போது எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

கிராண்ட்மாஸ்டர் பட்டம் ஒரு முறை கிடைத்தால் சாகும்வரை போகாது. குருப்பட்டம் மாதிரி. குருவானவர் பூசை சொல்ல மறந்தாலும் குருவானவர்தான். ஆனால் பட்டத்தோடு கூட ஒரு தரப்புள்ளியும் இருக்கிறது. அது இருக்கிறதே, அது ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் ஏறும், இறங்கும். கெலெமெனுடையது இறங்கிக்கொண்டிருந்தது. பகலில் கணினி முன்னால் வேலை செய்துவிட்டு வருகிற பையன்கள் அவரோடு சமன் செய்தார்கள். எப்போதாவது ஒருவன் வென்றும்விட்டான். வென்றவன் அன்று முழுக்கத் தன் கையைத்தானே பார்த்துக்கொண்டிருப்பான். எப்சம் பக்கத்துப் பெற்றோர் பிள்ளைகளை அவரிடம் படிக்க அனுப்பினார்கள். அவர் முதல் வகுப்பில் காயையே தொடவிட மாட்டாராம். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்காரச் சொல்வாராம். "கை முட்டாள். அதன்மேல் உட்கார்ந்தால்தான் தலை வேலை செய்யும்." அவரும் அப்படித்தான் ஆடுவார். கைகளின்மேல் உட்கார்ந்து, யாரோ பூட்டி வைத்தவர் போல.

எங்கள் வீட்டுக்கு ஒரு முறை சாப்பிட வந்தார். றெஜினாவின் சூரை மீன் குழம்பைக் கண்டு, ஹங்கேரிக்காரனுக்கு மிளகாய் புதிதில்லை என்றார். இரண்டாவது வாயில் நெற்றி வியர்த்தது. மூன்றாவது வாயில் கண் கலங்கியது. றெஜினா தண்ணீரை நீட்டினாள். "நன்றி, அம்மணி. இந்த நிலையில் நான் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை" என்று சொல்லிக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

அன்றுதான் தன் கதையைச் சொன்னார். இளமையில் ஒரு முறை உலக அணிப் போட்டிக்கு ஹங்கேரி அணியில் போயிருக்கிறார். அவர்களுக்குச் செஸ் எங்கள் ஊருக்குக் கால்பந்து மாதிரி. வீட்டுக்கு ஒரு வீரர். இவர் கூடுதல் ஆள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆட வேண்டியவர். ஒருத்தருக்கும் காய்ச்சல் வரவில்லை. போட்டி முடியும்வரை மற்றவர்களுக்குக் கோப்பி கொண்டுபோய்க் கொடுத்ததுதான் இவர் செய்தது. "எங்கள் அணித்தலைவருக்கு எத்தனை கரண்டி சீனி என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த மண்டபத்தில் என் கை ஒரு காயையும் தொடவில்லை" என்றார். அதன்பிறகு அவரை விட வல்லவர்கள் வந்துவிட்டார்கள். கூப்பிடவில்லை.

நியூசிலாந்துக்கு மாறி, இங்கேயே ஆடும் தகுதியும் கிடைத்த பிறகு அவருக்கு மறுபடி அந்த ஆசை எழுந்தது. உலக அணிப் போட்டிக்குப் போகும் நியூசிலாந்து அணியில் ஒரே ஒரு நாற்காலி மீதி இருந்தது. எப்சமில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்த போட்டியில் முதலிடம் வருபவருக்கு அது. கடைசிச் சுற்றுக்கு வந்தபோது கணக்கு எளிதாக இருந்தது: கெலெமென் வென்றால் நாற்காலி அவருக்கு. சமன் செய்தாலோ தோற்றாலோ ஹமில்டனிலிருந்து வந்த ஒரு பல்கலைக்கழக மாணவிக்கு. மண்டபத்தில் எல்லாருக்கும் இது தெரியும். அந்த மாணவியைத் தவிர எல்லாரும் கிழவர் போகட்டும் என்றுதான் நினைத்தார்கள். நானும்தான். நடுவருக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் பட்டி வாங்குகிறோம். பட்டியைச் சட்டையில் குத்தலாம். அதற்கு உள்ளே குத்த முடியாது.

எதிரே உட்கார்ந்தவர் செந்தில். மதுரைக்காரர், மென்பொருள் வேலை, முப்பது தாண்டியவர். அவர் எப்படித் தொடங்கினார் தெரியுமா? ஆட்டம் ஆரம்பிக்கும் முன் கைகுலுக்கும்போது மற்றக் கையால் தன் முழங்கையைத் தாங்கிக் கொடுத்தார், கோயில் ஐயரிடம் விபூதி வாங்குவது போல. உட்காருவதற்கு முன் கெலெமென் உட்காரும்வரை நின்றார். மேரியன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உன் நாட்டுக்காரர் ஆடப் போகிறாரா, ஆசீர்வாதம் வாங்கப் போகிறாரா?" என்றார். அவர் என் நாட்டுக்காரர் இல்லை என்பதை விளக்க நேரம் இருக்கவில்லை.

கெலெமென் நன்றாக ஆடினார். பழைய ஆட்டம். சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை இறுக்கும் ஆட்டம். செந்திலின் காது சிவந்துகொண்டே வந்தது. அந்தப் பலகைக்கு நான்தான் பொறுப்பு. ஆனால் அந்த நேரத்தில் பக்கத்து மேசையில் ஒருவர் கடிகாரத்தைச் சுத்தியலால் அடிப்பது போல அடித்ததால் அவரை எச்சரிக்கத் திரும்பியிருந்தேன். முதுகுக்குப் பின்னால் கடிகாரம் நிற்கிற 'டொக்' என்ற சத்தம் கேட்டது. அப்போது இரண்டு காதும் வேலை செய்தன.

திரும்பினேன். கெலெமென் கை உயர்த்தியிருந்தார்.

"நடுவர் அவர்களே," என்றார். "நான் என் பிஷப்பைத் தொட்டுவிட்டேன். தீர்ப்புச் சொல்லுங்கள்."

செஸ் தெரியாதவர்களுக்கு: தன் முறை வரும்போது ஒரு காயை நகர்த்தும் எண்ணத்தோடு தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். மனம் மாறிவிட்டது என்றால் மாறினதுதான், கை மாறாது. மன்னாரில் நிஜப் பிஷப்பான ஆயரின் மோதிரத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம். இங்கே பிஷப்பைத் தொட்டால் தப்ப முடியாது. நான் பலகையைப் பார்த்தேன். நான் தோற்பதில் வல்லவன் ஆகையால் தோல்வி எங்கே இருக்கிறது என்பது எனக்கு உடனே தெரியும். அந்தப் பிஷப் ஒரு குதிரைக்குக் காவலாக நின்றது. அது எந்தப் பக்கம் நகர்ந்தாலும் குதிரை போய்விடும். குதிரை போனால் ஆட்டம், ஆட்டம் போனால் நாற்காலி.

வழக்கமாக எதிராளிதான் "தொட்டார், தொட்டார்" என்று துள்ளுவார். தொட்டவர் இல்லவே இல்லை என்பார். தொட்டவரே தன்மேல் குற்றம் சொல்லி நான் கண்டதில்லை. ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதான். குறை சொன்னவருக்கு எதிரே இருப்பவரிடம் முதல் கேள்வி. செந்திலிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்: அவர் பிஷப்பைத் தொட்டதைக் கண்டீர்களா?

"நான் பாக்கலை சார். எனக்கு எந்தப் புகாரும் இல்லை" என்றார் ஆங்கிலத்தில். பிறகு என் பக்கம் சரிந்து, அவசரமாகத் தமிழில்: "அண்ணே, விட்ருங்கண்ணே. பாவம் வயசானவரு. இந்த ஒரு தடவ போயிட்டு வரட்டும்ணே."

மேரியனின் ரப்பர் சப்பாத்து எப்போது வந்து என் பக்கத்தில் நின்றது என்று தெரியாது. "அவர் என்ன சொன்னார்?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்கப் போவதில்லை. 'நேரம் எவ்வளவு மீதி என்று கேட்கிறார்' என்று சொல்லியிருக்கலாம். அந்த மண்டபத்தில் அதைப் பொய் என்று சொல்ல ஒருவரும் இல்லை. செந்தில் என்னை நன்றியோடு பார்த்திருப்பார். கெலெமென் விமானம் ஏறியிருப்பார். ஆனால் முதுகுக்குப் பின்னால் என் இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. வாய் தன்பாட்டில் மொழிபெயர்த்தது. முழுதாக, அழகுபடுத்தாமல்.

"விட்டுவிடுங்கள் என்கிறார். பாவம், வயதானவர் என்கிறார். இந்த ஒரு முறை போய்வரட்டும் என்கிறார்."

'பாவம்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பது பலருக்குத் தெரியும். துரதிர்ஷ்டவசமாக நான் நன்றாகவே கொண்டுவந்துவிட்டேன்.

கெலெமெனின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. தோற்கிற முகங்கள் எனக்குப் பழக்கம், நானே ஒன்று வைத்திருக்கிறேன். இது வேறு. கன்னத்தில் அறை வாங்கினவர் அல்ல, கன்னத்தில் தட்டிக்கொடுக்கப்பட்டவர். அவர் செந்திலைப் பார்க்கவில்லை. "தீர்ப்பு" என்றார் மறுபடி.

அதற்குள் போட்டியை ஒழுங்குசெய்த கழகத்துப் பெரியவர் ஒருவர் வந்து என் காதருகே, "புகாரே இல்லையே, ஆடவிடுங்களேன்" என்று கிசுகிசுத்தார். நான் மேரியனைப் பார்த்தேன். அவர் தலைமை நடுவர். ஒரு வார்த்தை சொன்னால் என் தலையிலிருந்து இது இறங்கிவிடும். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "உன் மேசை" என்றார்.

ஒரு வழி இன்னும் இருந்தது. கை தவறிப் பட்டிருந்தால், அல்லது சட்டைக் கை உரசியிருந்தால், நகர்த்த வேண்டியதில்லை. 'தற்செயலாகப் பட்டதா, ஐயா?' என்று ஒரு கேள்வி. கதவு திறந்துவிடும். பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார்கள்.

"காட்டுங்கள்" என்றேன்.

கெலெமென் வலக்கையைத் தொடைக்கடியிலிருந்து எடுத்தார். அவசரப்படவில்லை. பிஷப்பின் தலையைப் பெருவிரலாலும் நடுவிரலாலும் பிடித்து, அரிசிமணி அளவு உயர்த்தி, மீண்டும் வைத்தார். அவ்வளவு துப்புரவாக ஒருவரும் ஒரு காயைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சட்டைக் கையாவது உரசலாவது.

"பிஷப் நகர வேண்டும்" என்றேன். கடிகாரத்தை ஓடவிட்டேன்.

நகர்த்தினார். செந்தில் நெடுநேரம் குதிரையை எடுக்காமல் இருந்தார். எடுக்காமல் இருக்க ஏதாவது வழி தேடினார் என்று நினைக்கிறேன், அவருடைய ஆட்டத்தில் அன்று அதுதான் மிக ஆழமான யோசனை. கடைசியில் எடுத்தார். எடுத்த கையோடு, "டிரா வேணுமா சார்?" என்று கேட்டார். ஒரு குதிரை கூடுதலாக வைத்திருப்பவர் சமன் கேட்பது எங்கள் உலகத்தில் கேள்விப்படாத தருமம். கெலெமென் அடுத்த காயை நகர்த்தினார். அதுதான் பதில். பிறகு, குதிரையை இழந்த நிலையிலும், ஒவ்வொரு சிப்பாயாகப் பிடுங்க வைத்து, இருட்டும் நேரம்வரை போராடினார். முடிவில் கடிகாரத்தை நிறுத்தி, எழுந்து, செந்திலுக்குக் கை கொடுத்தார். செந்தில் மறுபடியும் முழங்கையைத் தாங்கிக்கொண்டு கை கொடுத்தார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

நாற்காலி ஹமில்டன் மாணவிக்குப் போனது. கெலெமென்தான் முதலில் போய் அவளை வாழ்த்தினார். கோப்பி கொண்டுபோகச் சொன்னால் மறுத்துவிடு என்று புத்திமதியும் சொன்னார்.

வெளியே கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் போய் நின்றேன். அவரே பேசினார். "அவர் பார்த்தார். நான் தொட்டேன், நிமிர்ந்தேன். அவர் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளி விட்டத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை, நண்பரே. நானும் பார்த்தேன்."

"அவர் உண்மையிலேயே பார்க்காமல் இருந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"தெரியாது. என்னை நான் அவ்வளவு நல்லவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்." பொத்தானைக் கழுத்துவரை பூட்டினார். "எனக்கு முப்பது வயதாக இருந்தபோது நான் ஒரு காய்க்கு மேலே கையை நீட்டினாலே எதிரே இருப்பவன் நடுவரைக் கூப்பிட்டுக் கத்துவான். அப்போது அது எனக்கு எரிச்சலாக இருந்தது. என்ன முட்டாள் நான்."

அவருடைய மகள் காரைக் கொண்டுவந்தாள். போய்விட்டார்.

செந்தில் கார் நிறுத்துமிடத்தில் எனக்காகக் காத்திருந்தார். கிராண்ட்மாஸ்டரை வென்ற மனிதர் மாதிரி இல்லை. காரைத் தொலைத்தவர் மாதிரி இருந்தார்.

"ஏண்ணே அப்படியே சொன்னீங்க? கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீர் ஏன் தமிழில சொன்னனீர் தம்பி?"

"இங்கிலீஷ்ல எப்படிண்ணே சொல்றது? அவருக்குக் கேட்டிருமே."

கேட்டுவிட்டதே என்றேன். தலையைச் சொறிந்தார். "சின்ன வயசுல நான் செஸ் படிச்சப்ப எங்க மாஸ்டர் கிராண்ட்மாஸ்டர்னா சாமி மாதிரின்னு சொல்வாரு. சாமிகிட்ட போய், நீ தொட்ட, நகத்துன்னு எப்படிண்ணே சொல்றது? நாளைக்கு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கப் போறேன்."

"அதை மட்டும் செய்யாதையும். ஏற்கனவே ஒருக்கா இரக்கப்பட்டது போதும்."

"அப்ப என்னதான் செய்யட்டும்?"

நடுவர் ஆட்டக்காரருக்கு ஆலோசனை சொல்லக்கூடாது. ஆனால் அது மண்டபத்துக்குள். கார் நிறுத்துமிடத்தைப் பற்றி விதிப்புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்த முறை அவர் தொட்டா, விட்டத்தைப் பாராமல் கையைத் தூக்கும்" என்றேன்.

அதன்பிறகு கெலெமென் எங்கள் வீட்டுக்கு வந்தார், மீன் குழம்பு சாப்பிட்டார், இம்முறையும் தண்ணீர் குடிக்கவில்லை. போட்டிகளுக்கும் வந்தார். செந்திலோடு மரியாதையாகத் தலையசைப்பதோடு சரி. தரப்புள்ளி இன்னும் கொஞ்சம் இறங்கியது. மேரியன் நடுவர் வேலையை விட்டுவிட்டுத் தெற்கே தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னைப் புகழ்ந்து ஒன்றும் சொல்லவில்லை. "உன் கைகள் அன்று பின்னால்தான் இருந்தன. நான் பார்த்தேன்" என்றார். அது போதும்.

என்னுடைய கடைசிப் போட்டி இந்த ஆண்டு நடந்தது. அதே எப்சம் மண்டபம். மேலே விட்டத்தில் இப்போது பார்ப்பதற்கு ஒன்று இருந்தது, கமெரா. குலுக்கலில் கெலெமெனுக்கு எதிரே மறுபடி செந்தில். முதலிடமும் இல்லை, நாற்காலியும் இல்லை. நடுவாந்தர மேசை ஒன்றில் இரண்டு பேர் ஆடும் சாதாரண ஆட்டம். கை கொடுத்தபோது செந்தில் முழங்கையைத் தாங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

நான் மண்டபத்தின் மறுகோடியில் நின்றேன். காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் செந்திலின் கை கூரையை நோக்கி நட்டுவைத்த மரம் மாதிரி நிற்பது தெரிந்தது. போனேன்.

"இவர் குதிரையைத் தொட்டுட்டு விட்டுட்டாரு" என்றார் ஆங்கிலத்தில். முகம் முழுக்க வியர்வை. ஆனால் நேரே கெலெமெனின் கண்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவர் குதிரையைத்தான் நகர்த்தணும்."

இளம் நடுவர் ஒருவர் கமெராப் பதிவை எடுக்க ஓட்டமாகக் கிளம்பினார். கெலெமென் கையால் மறித்தார். "தேவையில்லை. என் எதிராளி சொல்கிறார். அவர் சொல்வது சரி." அந்த வயதில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. மீன் குழம்புக்குக்கூட அவ்வளவு வந்ததில்லை.

குதிரையை எடுத்தார். நகர்த்தினார். செந்தில் பலகையைப் பார்த்தார். அப்புறம் இன்னும் குனிந்து பார்த்தார். தோல்வி எங்கே இருக்கிறது என்பது எனக்கு உடனே தெரியும் என்று முன்னமே சொன்னேன். அந்தப் பலகையில் இருந்த நகர்த்தல்களில் மிகச் சிறந்தது அந்தக் குதிரை நகர்த்தல்தான். தொட்டிராவிட்டாலும் அவர் ஆட வேண்டியது அதுதான்.

செந்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கெலெமெனைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தை அழுத்திவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் பத்திரமாக வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.